செம்பின்மேல் வார்னிஷ்

கல்கத்தாவில், அலிப்பூர் பக்கம் ஒரு மருத்துவமனையில் இடுப்பெலும்பு முறிந்து அப்பா படுத்திருந்தபோது அந்த மனிதரைப் பார்த்தேன். அந்த மருத்துவமனையின் பெயிண்டர் அவர். நகக்கண்ணெல்லாம் வெள்ளைப் பெயிண்ட். தினமும் வேலை முடிந்ததும் வார்டுக்கு வந்து, ஒரு கட்டிலின் பக்கக் கம்பியைப் பழைய பிளேடால் சுரண்டிக்கொண்டிருப்பார்.

நாங்கள் தமிழ் பேசுவதைக் கேட்டு ஒருநாள் அவரே பேச்சுக் கொடுத்தார்.

"இதுக்கெல்லாம் செம்புப் பூச்சு போட்டாங்க ஸார். செம்புல பட்டா கிருமி செத்துடுமாம். கொஞ்ச நாள்ல கறுத்துப்போச்சு. அழுக்குக் கட்டில்னு பார்க்க வர்றவங்க சண்டை போட்டாங்க. நான்தான் பளபளன்னு தேய்ச்சு, மேல வார்னிஷ் அடிச்சேன். மேட்ரன் அம்மாகூடப் பாராட்டினாங்க."

"நல்லதுதானே?"

"வார்னிஷ் மூடிட்டா செம்பு வேலை செய்யாதாம். டாக்டர்பாபு அப்புறமாத்தான் சொன்னார். அதுக்குள்ள மழைக்காலக் காய்ச்சல் கட்டில் கட்டிலாப் பரவிடுச்சு. மூணு பேர் போயிட்டாங்க ஸார். சுரண்டணும்னு எழுதிக் குடுத்தேன். அதுக்கு டெண்டர் விடணுமாம். அதான் நானே சுரண்டறேன்."

அப்போது அவர் சுரண்டிக்கொண்டிருந்தது ஐந்தாம் கட்டிலை. அப்பாவுடையது ஒன்பது. முதலில் அதைச் செய்யுங்கள் என்றேன்.

"எல்லாரும் அதான் கேக்கறாங்க. வரிசையா வரேன் ஸார்."

இரண்டாம் நாள் அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

இறப்புச் சான்றிதழ் வாங்கப் போனவன் வார்டை எட்டிப் பார்த்தேன். ஒன்பதாம் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார். ஏழாவதையும் எட்டாவதையும் விட்டுவிட்டு, பெயிண்டர் அதைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.