பூஞ்சணம் பிடித்த கமரா

கொழும்பு வெள்ளவத்தையில் கடலோரம் இருக்கிறவர்களுக்குப் பூஞ்சணத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. செருப்பில் பிடிக்கும், கல்யாண அல்பத்தில் பிடிக்கும், அலுமாரியில் தொங்கும் கோட்டில் பிடிக்கும். லென்ஸில் பிடித்தால் அதோடு சரி. கண்ணாடிக்குள் வெள்ளை நூல்போல ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு வந்துவிடும். காற்றுப் புகாத பெட்டி, ஈரம் உறிஞ்சும் சின்னப் பைகள், வெயில் நாளில் கொஞ்ச நேரம் யன்னலோரம் என்று, பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் என் லென்ஸுகளைப் பார்த்து வந்தேன். பிள்ளை இல்லாத வீட்டில் இப்படிச் சொன்னால் சனம் பாவம் பார்க்கும். பார்த்துவிட்டுப் போகட்டும்.

ஒரு தமிழ் மாத சஞ்சிகைக்குப் படம் எடுப்பது என் தொழில். அட்டைப்படம், சமையல் பக்கம், பேட்டி, கல்யாணச் சிறப்பிதழ் எல்லாம் என் தலையில்தான். கையில் இரண்டு லென்ஸ். ஒன்று கிட்ட நின்றே முழு அறையையும் வாரி எடுக்கும். மற்றது தூர நின்று முகத்தை மட்டும் பிடிக்கும். அதைத் தூக்கினால் தோள்மூட்டு கழன்றுவிடும். வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற என் கணவர், வீட்டில் சும்மா இருந்து அலுத்துப்போய் என்னோடு வரத் தொடங்கினார். வெளிச்சத்தைத் திருப்பிவிடும் வெள்ளித் தட்டியைப் பிடிப்பது அவர் வேலை. ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாது. அது வேறு கதை.

போன வருட மழைக்காலத்தில் என் கமராவின் வியூஃபைண்டர், அதாவது கண்ணை வைத்துப் பார்க்கும் அந்தச் சின்ன யன்னல், மங்கத் தொடங்கியது. வலது மூலை இருண்டது. விளக்குகளைச் சுற்றிப் புகை வட்டம் தெரிந்தது. ஆனால் சஞ்சிகையில் அச்சாகி வந்த படங்கள் துல்லியமாக இருந்தன. அப்படியென்றால் லென்ஸ் சுத்தம், பூஞ்சணம் வியூஃபைண்டருக்குள் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். இந்தத் தொழிலில் இருக்கிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

கொட்டாஞ்சேனையில் கமரா திருத்துகிற ஒருவர் அதைக் கழற்றித் துடைத்துத் தந்தார். கடை வாசலிலேயே கண்ணை வைத்துப் பார்த்தேன். அதே மங்கல்.

"என்ன தம்பி துடைச்சனீர்? அப்பிடியே கிடக்கு."

அவர் வாங்கிப் பார்த்தார். "இல்ல மிஸ், நல்லா கிளியரா இருக்குதே."

"எனக்கெண்டா கிளியரா இல்லை."

பாவம், இரண்டாம் தரமும் கழற்றினார். இரண்டாம் தரமும் அதையே சொன்னார். வேலை தெரியாமல் கதை விடுகிறார் என்று வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு வந்தேன். பஸ் வெள்ளவத்தைக்கு வந்து சேரும்வரை அந்த ஏச்சு ஓயவில்லை. கணவர் பக்கத்து இருக்கையில் கமராப் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

பிறகு அலுவலகத்துக்குப் புதுக் கமரா ஒன்று வந்தது. அதில் யன்னலுக்குப் பதிலாகக் கண்ணருகே ஒரு குட்டித் திரை. அதிலும் வலது மூலை இருட்டு. எனக்குச் சந்தோஷம் வந்தது என்றால் நம்புவீர்களா? இந்தக் காலத்துச் சாமான் எல்லாம் குப்பை என்று சொல்லித் திரிந்தவளுக்குக் கையில் சாட்சி கிடைத்துவிட்டது. நேரே சஞ்சிகை ஆசிரியரிடம் போனேன். அவள் என்னைவிட மிகவும் இளையவள்.

"இது கமராவோ, விளையாட்டுச் சாமானோ?"

"மற்ற ஆக்கள் ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையே அக்கா."

மற்ற ஆக்களுக்கு என்ன தெரியும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். மனதுக்குள் என்று எழுதிவிட்டேன், உண்மையில் அவளுக்குக் கேட்கும்படியாகத்தான் சொன்னேன்.

டிசம்பர் நத்தார் இதழுக்காகக் கொச்சிக்கடையில் ஒரு வீட்டுக் குசினியில் படம் எடுக்கப் போனோம். பலகாரம் சுட்டு விற்கும் பெண் ஒருத்தியின் வீடு. அடுப்பும் அவளும் நிற்பதற்கே அங்கே இடம் போதாது. நான் வலது தோளைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றேன். வழக்கம்போல வலது கண்ணில் கமராவை வைத்தால் அது சுவரில் இடித்தது. வேறு வழியில்லாமல் இடது கண்ணில் வைத்தேன்.

நாலு மூலையும் பளிச்சென்று தெரிந்தன. எண்ணெயில் பொரியும் கொக்கிஸ் பலகாரம், அவளுடைய வேர்த்த நெற்றி, சுவரில் அந்தோனியார் படம், எல்லாம். சுவரை விட்டு விலகி வலது கண்ணில் வைத்தேன். இருட்டு. இடது கண்ணில் வைத்தேன். வெளிச்சம். கமராவை மேசையில் வைத்துவிட்டு இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு குசினியைப் பார்த்தேன். வலது பக்கத்தில் குசினி இல்லை.

படம் எடுக்கும்போது தவிர வேறெப்போதும் நான் ஒரு கண்ணை மூடுவதில்லை. இரண்டும் திறந்திருக்கும்போது மற்றதின் குறையை இடது கண் மறைத்துக்கொண்டே வந்திருக்கிறது.

"என்ன மிஸ், கண்ணுக்குள்ள எண்ணெய் தெறிச்சிட்டுதா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

கண் டொக்டர் பலவிதமாகச் சோதித்துவிட்டுக் கதிரையை இழுத்து என் முன்னால் இருந்தார். "கண்ணுக்குள்ள பிரஷர் கூடியிருக்கு. ஓரத்தால பார்வை போய்க்கொண்டே வந்திருக்கு. போனது திரும்பி வராது. இருக்கிறதைக் காப்பாத்தப் பாப்பம். கொஞ்சம் முந்தி வந்திருக்கலாமே அம்மா."

"கமராவை ரெண்டு தரம் கொண்டுபோய்க் காட்டினனான் டொக்டர்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

இப்போது காலையிலும் இரவிலும் மருந்துத் துளிகள். இடது கண்ணிலும் பிரஷர் ஏறத் தொடங்கியிருக்கிறதாம். அதனால் அதற்கும் துளிகள். இடது கண்ணால் படம் எடுத்துப் பழகுகிறேன். மூக்குப் போய்த் திரையில் அப்புகிறது, கை ஒரு பக்கம் போக நினைவு ஒரு பக்கம் போகிறது. பயமாக இருக்கிறது. இரவில் படுத்தால், இந்தக் கண்ணும் போனால் நான் யார் என்ற கேள்விதான் வருகிறது. பகலில் அதை யாரிடமும் சொல்வதில்லை.

கொஞ்ச நாள் ஓய்வாக இருங்கள் என்று ஆசிரியர் சொல்லிவிட்டாள். வீட்டில் இருந்து என்ன செய்வது? கணினியைத் திறந்து, அலுவலகத்திலிருந்து பிரதி வாங்கி வந்த போன வருடத்துப் படங்களைப் பார்க்கத் தொடங்கினேன். மெமரி கார்டை அலுவலகத்தில் கொடுப்பதோடு என் வேலை முடிந்துவிடும். படங்களைத் தெரிவுசெய்வதும் ஓரங்களை வெட்டுவதும் பக்கம் வடிவமைக்கும் பையன்களின் பாடு. அதனால் இந்தப் படங்களை வெட்டாமல் முழுதாக நான் பார்த்ததே இல்லை.

கல்யாண மண்டபத்துப் படம் ஒன்றில், வலது கீழ் மூலையில் கலங்கலாக ஏதோ தெரிந்தது. ஒரு கை. யார் இந்த மடையன் குறுக்கே கையை நீட்டினது என்று எரிச்சலோடு அடுத்ததைத் தட்டினேன். அதிலும் இருந்தது. ரயில் பாதையோரம் ஒரு பாடகியை எடுத்ததிலும் இருந்தது. இரத்மலானைத் தொழிற்சாலைப் படியிலும் இருந்தது. கிட்ட நின்று எல்லாவற்றையும் வாரும் லென்ஸ் அதையும் வாரி வைத்திருந்தது. மணிக்கட்டுவரை பொத்தான் பூட்டிய சட்டைக் கை. விரல்கள் விரிந்தபடி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கைக்கு அப்பால் ஒரு இடத்தில் தூண், ஒரு இடத்தில் திறந்த சாக்கடைக் கான், ஒரு இடத்தில் படியின் விளிம்பு.

தட்டியை மற்றக் கையில் பிடித்திருந்திருக்கிறார். ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாது என்று நான் ஊரெல்லாம் சொன்ன தட்டி.

அவர் முன்னறையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இது உங்கட கையெல்லோ?"

"ஓம்."

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"என்ன வருத்தமெண்டு தெரியாது. படமெடுக்கேக்க வலப்பக்கம் இடிச்சுக்கொண்டு போறீர் எண்டு தெரியும்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார்.

"சொன்னனான். கமராவை விட்டிட்டுக் கண்ணைக் காட்டும் எண்டு. அண்டைக்கு ஏசினீர், பிறகும் ஏசினீர். அதுக்குப் பிறகு சொல்லப் பயமாக் கிடந்தது. அதுதான் கையை வைச்சனான்."

அவர் சொன்னது எனக்கு ஞாபகமே இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அவரை ஏச வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டு அடுத்த படத்தைத் தட்டினேன். அதிலும் அந்தக் கை இருந்தது.