குங்குமம் வைத்த பிரியாம்ப்

அன்றைக்கு தாராவியில் "கோலி" என்கிற எங்கள் ஓரறை வீட்டுக்குள் இருந்தவர்கள் ஏழு பேர்: மாட்டுங்காவில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக இருந்த அப்பா, அம்மா, கல்யாணத்துக்கு நின்ற பேச்சியக்கா, எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு ஒரு சவுண்ட் சர்வீஸ் கடைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நான், எதிர்ப்பக்கம், அக்காவைப் பெண் பார்க்கச் செம்பூரிலிருந்து வந்திருந்த அருணாசலம், அதற்காகவே ஊரிலிருந்து ரயிலேறி வந்த அவருடைய அம்மா, உல்லாஸ்நகரில் மளிகைக் கடை வைத்திருந்த அவருடைய தாய்மாமன். ஒருவர் முழங்கால் இன்னொருவர்மேல் இடிக்க உட்கார்ந்திருந்த அந்த ஒற்றை அறையில் கேசரியின் நெய் வாசனையையும் சாம்பிராணிப் புகையையும் மீறிக்கொண்டு பெருங்காயம் மணத்தது. அது அடுப்பிலிருந்து வந்த மணமில்லை. சுவரோரம் பூஜைப் பலகையில் வரிசையாக வைத்திருந்த என்னுடைய டப்பாக்களில் ஒன்றிலிருந்து வந்தது.

முதலில் அந்த டப்பாக்களைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கடையில் இருந்த பழைய மைக்கில் ஒருவர் தொண்டை கிழியப் பேசினாலும் அதிலிருந்து வெளியே வருவது கொசு பேசுகிற அளவுக்குத்தான் இருக்கும். அந்தக் கொசுக் குரலைப் பெரிய ஆம்ப்ளிபயர் காதில் விழுகிற அளவுக்குத் தூக்கிவிடுகிற சின்னச் சாமானுக்குப் பிரியாம்ப் என்று பெயர். லாமிங்டன் ரோட்டில் அலைந்து பொறுக்கிய சாமான்களை வைத்து, கரியடுப்பில் காய்ச்சிய செம்பு முனையால் ஈயம் ஒட்டி, அதை நானே செய்யப் பழகியிருந்தேன். செய்வது பெரிய காரியமில்லை. அதை வைப்பதற்குப் பெட்டி கிடைப்பதுதான் பெரிய காரியம். நல்ல இரும்போ அலுமினியமோ நாலு பக்கமும் இறுக்கி மூடாவிட்டால், அக்கம்பக்கத்து மின்சார வயர்களின் உறுமலெல்லாம் அதற்குள் புகுந்து, மைக்கைத் திறந்ததும் "ம்ம்ம்" என்று ஒரு சத்தம் வரும். அதை நாங்கள் "ஹம்" என்போம். சயான் பக்கம் மின்சார வண்டி போனால் தனியாக ஒரு "கர்ர்". பெட்டி இன்னும் மோசமாக இருந்தால் ரேடியோ ஸ்டேஷனே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு ஜெபக் கூட்டத்தில் போதகர் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தபோது என்னுடைய பிரியாம்பிலிருந்து இந்தியில் பல்பொடி விளம்பரம் கேட்டது. அதற்குப் பிறகு அந்தச் சபைக்கு நான் போகவில்லை, அவர்களும் கூப்பிடவில்லை.

பிஸ்கட் டின், பால் பவுடர் டின், அப்பாவின் பழைய டிபன் டப்பா என்று எதையும் விடாமல் முயற்சி செய்து பார்த்தேன். மாட்டுங்கா கடையில் வாங்கிய பெருங்காய டப்பா தகரம் கனமாக இருந்ததால் அதில், பல்பு மாதிரிச் சூடேறுகிற கண்ணாடி வால்வு போட்ட ஒரு பிரியாம்பை வைத்தேன். ஹம் குறைந்தது, ஆனால் வால்வு சூடேறியதும் பந்தலெங்கும் ரசம் கொதிக்கிற வாசனை எழும்பி, கச்சேரி கேட்க வந்தவர்கள் பந்தி எப்போது என்று விசாரித்தார்கள்.

எனக்கு அப்போதே எதையும் சந்தேகப்படுகிற குணம் இருந்தது. ரேடியோ வைக்க லைசென்ஸ் வேண்டியிருந்த காலம் அது. பிரியாம்புக்கு லைசென்ஸ் கிடையாது என்று கடை முதலாளி அடித்துச் சொல்லியும் நான் நம்பவில்லை. பேன்ட் போட்ட யாராவது எங்கள் சந்துக்குள் வந்தால் டப்பாக்களை அரிசிப் பானைக்குப் பின்னால் தள்ளிவிடுவேன். பக்கத்துக் கோலிக்காரர் சுவரில் காதை வைத்துக் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும். அவர் நல்ல மனிதர், காது மந்தம். அதுவும் நடிப்போ என்று நினைத்திருக்கிறேன்.

இந்த நிலைமையில்தான் அந்தப் பெட்டி கிடைத்தது. பழைய இரும்பு எடைக்கு வாங்கி விற்கிற "பங்கார்" கடையில், உடைந்த சைக்கிள்களுக்கு அடியில் கிடந்தது: வார்த்த அலுமினியம், சாம்பல் பெயின்ட், மூடிக்கு நாலு திருகாணி, மூடினால் தண்ணீர்கூடப் புகாது. கடைக்காரன் நான் கேட்பதற்கு முன்பே விலையைக் குறைத்தான். அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. பெட்டியைத் திருப்பினேன். மூடியின் ஒரு ஓரத்தில் வெள்ளைப் பெயின்டில் ஒரு நம்பர் எழுதியிருந்தது. இது யாருடையது என்று கேட்டேன்; வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போ, கேள்வி கேட்காதே என்று இந்தியில் சொல்லிவிட்டு அவன் பீடி பற்ற வைத்தான். விட்டுவிட்டு வீட்டுக்குப் பாதி வழி வந்து, திரும்பிப் போய் வாங்கினேன்.

இரண்டு டிரான்சிஸ்டர் வைத்த புதுப் பிரியாம்பை அதற்குள் வைத்து மூடி மைக்கைத் திறந்தபோது ஒரு சத்தமும் இல்லை. ஏதோ கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தேன். பிறகு மெல்லத் தும்மிப் பார்த்தேன். ஸ்பீக்கர் என்னைப் போலவே தும்மியது.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. அதே வாரம் அந்தப் பங்கார் கடைக்குப் போலீஸ் வந்து விசாரித்துவிட்டுப் போனதாகக் கேள்விப்பட்டேன். நம்பரைச் சுரண்டிவிடலாம் என்றால், சுரண்டின இடமே திருட்டுச் சாமான் என்று காட்டிக்கொடுத்துவிடுமே என்று பயம். அம்மாதான் வழி கண்டுபிடித்தாள். ஆயுத பூஜைக்கு அப்பாவின் அரம், ஸ்பேனர்களோடு என்னுடைய சாமான்களையும் பலகையில் அடுக்கியபோது, பெட்டியின் நம்பர்மேல் மட்டும் சந்தனத்தை அப்பளம் கனத்துக்கு அப்பி, நடுவில் பெரிய குங்குமப் பொட்டாக வைத்தாள்.

"குங்குமம் வச்ச சாமானை எந்தப் போலீஸ்காரன் தொடுவான்? அவனும் பிள்ளை குட்டிக்காரன்தான்" என்றாள்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாள் என்று அன்றைக்கே பெண் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டார்கள். அதனால் பலகையை எடுக்க நேரமில்லை. எடுத்தாலும் வைக்க வேறு இடமில்லை. அக்காவை அதற்கு முன்பு இரண்டு இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டு பேரும் ஊருக்குப் போய்க் கடுதாசி போடுகிறோம் என்றவர்கள்தான். இதுவும் தட்டிப்போனால் அக்காவை ஊரில் பெரிய மாமாவுக்கு இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொடுத்துவிடுவதென்று அப்பா முடிவு செய்திருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அக்காவுக்கும் தெரியும்.

அருணாசலம் டிராம்பே பக்கம் ஒரு சர்க்கார் ஆபீசில் டெக்னீஷியன்; ஆபீஸ் பஸ்ஸில் போய் வருகிறவர். சட்டைப் பையில் இரண்டு பேனா இருந்தது. லைசென்ஸ் சோதனைக்கு வருகிறவர்களும் இரண்டு பேனாதான் வைத்திருப்பார்கள் என்று யாரோ எனக்குச் சொல்லியிருந்தார்கள். கேசரித் தட்டைக் கையில் வாங்கினாரே தவிர ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. அக்கா வந்து கும்பிட்டுவிட்டு உள் மூலையில் போய் நின்றாள். அவர் ஒருதரம் நிமிர்ந்தார், மறுபடி பூஜைப் பலகையைப் பார்க்க ஆரம்பித்தார்.

மாமன்காரரும் அந்தப் பக்கம் பார்த்தார். "என்ன தம்பி, மளிகைக் கடைக்காரன் எங்கிட்டகூட இத்தனை டப்பா இல்லியே?"

"மைக்குக்கு, மாமா."

"மைக்குக்குப் பெருங்காயம் எதுக்குடே?"

நான் பதில் சொல்வதற்குள் அருணாசலம் முதல் முறையாக வாயைத் திறந்தார். "அந்தச் சாம்பல் கலர் பெட்டி எங்கன வாங்கினது?"

"மாட்டுங்கால ஒரு கடையில" என்று நானும், "இவன் சித்தப்பா குடுத்தது" என்று அம்மாவும் ஒரே நேரத்தில் சொன்னோம். அப்பா இருமினார்.

அருணாசலம் எழுந்தார். பலகைக்கு முன்னால் குந்தி, கால்சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, ஒன்றுமே நடக்காதது போல அந்தச் சந்தனத்தையும் குங்குமத்தையும் அழுத்தித் துடைத்தார்.

அவருடைய அம்மாவின் கை வாய்க்குப் போனது. மாமன்காரர் தட்டைத் தரையில் வைத்துவிட்டார். "ஏலே அருணாசலம், என்னலே செய்யுத? பொண்ணு பாக்க வந்த எடத்துல குங்குமத்தை அழிச்சுக்கிட்டு இருக்க."

அது அவர் காதில் விழவில்லை. நம்பரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது எங்க ஆபீஸ் நம்பர்லா" என்றார்.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணம் போச்சு, இனி போலீஸ், அப்பாவின் வேலை, பிறகு நான் எந்த ஜெயிலில் இருப்பேன் என்பது வரைக்கும் ஒரு நொடியில் எனக்குள் ஓடியது.

"பயப்படாத" என்று அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். "கழிச்சுப் போட்ட சாமான். போன வருசம் மொத்தமா ஏலத்துல போச்சு. ஆபீஸ் ஆளு யாரும் எடுக்கக்கூடாதுன்னுட்டாவ. ஒரே ஒரு பெட்டிக்காக ஆபீசர் வரைக்கும் போய்க் கெஞ்சிப் பாத்தேன், நடக்கல." பிறகு குரலைத் தாழ்த்தி, "நானும் வீட்ல ஒண்ணு செஞ்சு வச்சிருக்கேன். டிபன் கேரியருக்குள்ள. ஹம் நிக்கவே மாட்டேங்கு. ஒனக்கு நின்னுதா?"

"நின்னுது."

"சுத்தமா?"

"வண்டி போனா மட்டும் லேசா."

அவர் முகத்தில் வந்த பொறாமையை அன்றைக்கு நான் நடிப்பு என்றே எடுத்துக்கொண்டேன். இப்படி நைசாகப் பேசித்தான் உண்மையை வாங்குவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

மாமன்காரருக்கு ஹம்மைப் பற்றி அக்கறையில்லை. "எந்திரி, யக்கா" என்றார் அருணாசலத்தின் அம்மாவிடம். "வந்த காலோட குங்குமம் அழிஞ்சாச்சு. இதுக்கு மேல என்ன பேச?" அந்த அம்மாள் எழுந்திருக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, மாப்பிள்ளை தெரியாமச் செஞ்சிட்டாவ. வேணும்னா அந்தப் பெட்டியை நீங்களே..." என்று அப்பா ஆரம்பித்தார். பெட்டி போகப்போகிறது, அக்காவும் கரையேறப் போவதில்லை என்று அப்போது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

மூலையில் நின்ற பேச்சியக்கா பலகைக்கு வந்தாள். பெண் பார்க்கும்போது பெண் நடுவில் வந்து பேசுகிற வழக்கம் எங்களில் கிடையாது. அவள் குனிந்து குங்குமச் சிமிழை எடுத்து, குந்தியிருந்த அருணாசலத்துக்கு முன்னால் தரையில் வைத்தாள்.

"அழிச்சவுகளே வச்சிரட்டும்" என்றாள். திரும்பவும் மூலைக்கே போய் நின்றுகொண்டாள்.

அருணாசலம் சிமிழைப் பார்த்தார், கைக்குட்டையைப் பார்த்தார், பிறகு மோதிர விரலால் குங்குமத்தைத் தொட்டு, சின்ன ரெசிஸ்டருக்கு ஈயம் வைக்கிறவனைப் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு, பெட்டியின்மேல் ஒரு பொட்டு வைத்தார். நம்பர்மேல் வைக்கவில்லை, அதற்குப் பக்கத்தில் வைத்தார். அதையும் நான் கவனித்தேன்.

முதலில் சிரித்தது அவருடைய அம்மாதான். "வச்சுட்டான்லா. பெறகு என்ன?" என்று நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

மாமன்காரர் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "பெட்டிக்கு வச்சுட்டாரு தொரை. பொண்ணுக்கு எப்ப வைக்கப்போறாருன்னு கேளு" என்றார், வாயில் கேசரியோடு.

தை மாதம் கல்யாணம். அதற்குள் அருணாசலம் ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் வீட்டுக்கு வந்து, என்னைக் கூட்டிக்கொண்டு பங்கார் கடைகளில் அலைந்தார். அதே மாதிரி பெட்டி வேறு கிடைக்கவில்லை. மிச்சமிருந்ததையெல்லாம் குர்லாவில் உருக்கிப் பானை மூடி செய்துவிட்டார்கள் என்று ஒரு கடைக்காரன் சொன்னான். அவர் கேட்கவேயில்லை, ஆனாலும் அம்மா அந்தப் பெட்டியைச் சீர்ப் பாத்திரங்களோடு, குத்துவிளக்குக்கும் பித்தளைக் குடத்துக்கும் நடுவில் வைத்துவிட்டாள். அதற்கு முந்தின நாளே உள்ளே இருந்ததை நான் கழற்றி எடுத்துக்கொண்டேன். அது திரும்பவும் பிஸ்கட் டின்னுக்குள் போனது. பல்பொடி விளம்பரமும் திரும்பி வந்தது. அத்தான் அக்காவைக் கட்டியது அக்காவுக்காகவா, பெட்டிக்காகவா என்று நான் வெகுகாலம் அவர்களை உளவு பார்த்தேன். இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும் பார்த்தேன்.

அந்தப் பங்கார் கடை இருந்த இடத்தில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். லைசென்ஸ் போய்விட்டது, சோதனை போய்விட்டது. பெட்டி தேடி அலைகிறவர் யாருமில்லை. எல்லாமே வரும்போதே பெட்டியோடுதான் வருகிறது, திறக்கத் திருகாணிகூடக் கிடையாது. எண்பதைத் தாண்டிய அத்தானின் காதில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு மெஷின் இருக்கிறது. அதற்குள்ளும் ஒரு மைக், ஒரு பிரியாம்ப். ஹம் இல்லையாம். எனக்கென்னவோ அதை நம்ப முடியவில்லை.

போன மாதம் செம்பூருக்குப் போயிருந்தபோது, அத்தான் அந்த மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு ஜன்னலோரம் கண்ணயர்ந்திருந்தார். அவருக்குக் கேட்காது என்று தெரிந்தும் குரலைத் தாழ்த்தி அக்காவிடம் கேட்டேன்.

"அன்னைக்கு இவரு ஒன்னைப் பாத்தாரா, இல்லியா?"

அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"எங்க பாத்தாரு? பெட்டியைத்தான் பாத்தாரு. நீங்க எல்லாரும் பெட்டியைத்தான் பாத்தீய. அதுக்கு முன்னால வந்த ரெண்டு பேருக்கும் முன்னாடி தலையைக் குனிஞ்சுட்டே நின்னேன், மூஞ்சிகூட ஞாவகமில்ல. இவரைத்தான், யாரும் என்னைக் கவனிக்காத நேரமாப் பாத்து, ஆற அமர, தலையிலேர்ந்து கால் வரைக்கும் நல்லாப் பாத்துக்கிட்டேன்."