ஏலம் போன சேவலும் ஊர்ப் பெயரும்

வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி. கொழும்பு பஸ் என்னைக் கல்முனையில் இறக்கிவிட்டபோது முதுகு என்னுடையதாக இல்லை. அங்கிருந்து மருதமுனை வடக்கே நாலு கிலோமீற்றர். ஓட்டோவுக்கு இருநூறு ரூபாய்.

"சாரன் வாங்க வந்திரிக்கீங்களா?" என்றார் ஓட்டோக்காரர். மருதமுனை கைத்தறிச் சாரனுக்கு, அதாவது லுங்கிக்கு, பேர்போன ஊர்.

"இல்லை, ஒரு சண்டை பார்க்க" என்றேன்.

இணைய முகவரியின் வாலில் '.com' போல வரும் சொற்களுக்காக வெளிநாட்டுக் கம்பெனிகள் முட்டி மோதுவதைப் பற்றிப் பத்திரிகையில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, "எங்கட ஊர்லயும் அந்தப் போட்டி இரிக்கி, வாங்க" என்று அழைத்தவர் சாரன் வியாபாரி நவாஸ்.

ஒன்பது மணிக்கு அவருடைய தறிக்கூடத்தில் இருந்தேன். பழைய தறிகளைச் சுனாமி அள்ளிப் போய்விட்டது. இவை பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. போர் முடிந்து பாதை திறந்ததும் வெளியூர்க் கடைகள் இந்தச் சாரன்களை வாங்கித் தங்கள் பெயரை ஒட்டி விற்கத் தொடங்கின. 'மருதமுனை.இலங்கை' என்ற இணைய முகவரி கையில் இருந்தால் வாங்குபவர் நேரே இங்கே வருவார். அதைப் பதிய நவாஸும் எதிர்த்தெருத் தறிக்காரர் ஹனீபா ஹாஜியாரும் ஓடினார்கள். நவாஸ் முந்தித் தன் பெயரில் பதிந்துவிட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

ஆனாலும் விருந்தாளியைப் பார்க்க ஹாஜியார் வந்தார். நவாஸின் பக்கம் திரும்பாமல் என்னிடம் கேட்டார்: "வெளிநாட்டுல எப்படித் தம்பி தீர்க்கிற?"

ஒரே சொல்லைப் பல கம்பெனிகள் கேட்டால் கடைசியில் ஏலம்தான் என்றேன். "ஆனால் ஒரு சமூகம், இந்தச் சொல் எங்களுடையது என்று நிரூபித்தால், ஏலம் இல்லாமலே கிடைக்கவும் வழியுண்டு."

"ஓம், அது ஞாயம்" என்று எழுந்து போனார் ஹாஜியார். நவாஸ் தறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிற்பகல் ஒன்றரை மணி. ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் ஏலம். யாரோ நேர்ந்துவிட்ட சேவல் ஒன்று. ஹாஜியார் கேட்க, நவாஸ் ஏற்ற, விலை கண்ணைக் கட்டியது. நவாஸ் வென்றார். காசைக் கொடுத்தார்; சேவலையும் பள்ளிக்கே திருப்பிக் கொடுத்தார், மறுபடி ஏலம் போட. இங்கே அது வழக்கமாம்.

ஹாஜியார் உரக்கச் சொன்னார்: "சேவலத் திருப்பிக் குடுக்கீங்க. ஊர்ர பேர மட்டும் கூட்டுல அடைச்சி வெச்சிரிக்கீங்களே நவாஸ்!"

முற்றமே சிரித்தது. நவாஸின் முகம் சிவந்தது. ஹாஜியாரின் பக்கம் திரும்பி, "அதையும் எடுங்க காக்கா. எல்லாத் தறிக்கும் பொதுவா இரிக்கட்டும்" என்றார். காக்கா என்றால் இங்கே அண்ணன். ஹாஜியார் எட்டி வந்து அவரைக் கட்டிப்பிடித்தார்.

மாலை ஐந்து மணிக்குத் திரும்பும் பஸ். வெளிநாட்டு ஏலங்களில், தோற்ற கம்பெனிகள் வென்றவரின் பணத்தைப் பங்கு போட்டுக்கொள்வதும் உண்டு. வென்றவரே பொருளைத் திருப்பிக் கொடுத்ததை நான் எங்கும் எழுதியதில்லை.

சில வாரம் கழித்துக் கொழும்பில் அந்த முகவரியைத் திறந்தேன். ஊரின் தறிக்காரர் எல்லோரும் இருந்தார்கள். முதலில் ஹனீபா ஹாஜியார். ஆகக் கடைசியில் நவாஸ். நான் மருதமுனைக்காரன் இல்லை. ஆனாலும் அலுவலகத்தில் ஒருவர் விடாமல் கூப்பிட்டுக் காட்டினேன்.