பச்சோந்திக்கும் வெள்ளிக்கிழமை சைவம்

“அம்மா, நீங்கதான் அதைச் சாப்பிட விடேல்லை. முகத்துக்கு முன்னால கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தா அது எப்பிடிச் சாப்பிடும்?”

ஒட்டாவாவில் படிக்கும் என் மகள் ஆரபியின் குற்றச்சாட்டு இது. ஃபோனில் அவள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். நானும் விடவில்லை. “என்ர கையால சாப்பிட்ட ஒருத்தரும் இண்டுவரைக்கும் பட்டினி கிடந்ததில்லை” என்றேன். சாப்பாடு கொடுப்பதுதான் என் தொழில். இருபத்துநான்கு வருஷமாக லீவு எடுக்காமல் பார்க்கிறேன். அதில் பிழை பிடிக்கும் தகுதி மட்டும் இந்த வீட்டில் எல்லாருக்கும் பிறப்பிலேயே வாய்த்திருக்கிறது.

விஷயம் இதுதான். கிறிஸ்மஸ் லீவுக்கு வந்தவள் ஒரு பச்சோந்திக் குட்டியை வாங்கினாள். தன் விடுதியில் பிராணி வளர்க்க விடமாட்டார்கள் என்பதை வாங்கிய பிறகுதான் விசாரித்தாள். “பெப்ரவரி லீவுக்கு வருவன், அதுவரைக்கும் பாத்துக்கொள்ளுங்கோ. செத்துப்போச்செண்டா எனக்குச் சொல்லவேண்டாம்” என்றுவிட்டு பஸ் ஏறினாள். பிள்ளைகள் விட்டுப்போன மீனுக்கும் முயலுக்கும் சாப்பாடு போட்டுக் களைத்த சகோதரிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

ஹோலில் இருத்தினோம்

வீட்டுக்குப் புதிதாக வந்தவரை ஹோலில் இருத்துவதுதானே மரியாதை? ஆளுயர வலைக்கூட்டை ரீவிக்கும் சாமிப்படத்துக்கும் நடுவில் வைத்தேன். அதன் ஒய்யாரத்தைப் பார்த்துத் துரை என்று பெயரும் வைத்தேன். பொங்கலுக்கு வந்த சனமெல்லாம் கூட்டுக்குள் மூக்கை விட்டுப் பார்த்தது. சாம்பிராணி போட்டேன். துரை முதலில் பச்சையாக இருந்தார், மத்தியானம் மண்ணிறமானார், பின்னேரம் கிட்டத்தட்டக் கறுப்பாகிவிட்டார்.

பயத்தில் கறுக்கும் என்பது அப்போது எங்களுக்கு யாருக்குத் தெரியும்? என் மச்சாள் வசந்தா, என் கணவரின் தங்கச்சி, எல்லாம் தெரிந்தவள், தேத்தண்ணிக் கோப்பையோடு கூட்டைச் சுற்றி வந்து தீர்ப்புச் சொன்னாள்: “உங்கட சோபாவின்ர நிறத்துக்கு வந்திட்டுது அண்ணி. இனிப் பயமில்லை, வீட்டோட ஒட்டியிட்டுது.”

தண்ணீர்

ஒட்டியதாகச் சொல்லப்பட்டவர் மூன்று நாளாகத் தண்ணீரும் குடிக்கவில்லை. வெள்ளிக் கிண்ணத்தில் வைத்தேன். திரும்பியும் பார்க்கவில்லை. வாங்கிய கடைக்கு ஃபோன் அடித்தேன். எடுத்தது எங்கடை தமிழ்ப் பெட்டை ஒன்று, இங்கே பிறந்தது. கிண்ணத்தில் சும்மா கிடக்கும் தண்ணீரை அது தண்ணீர் என்றே எடுக்காதாம், இலையில் துளி விழுந்தால்தான் நக்குமாம். உடனே ஜன்னல் துடைக்கிற போத்தலைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, கூட்டின் பிளாஸ்ரிக் இலைகளுக்கு நேரே அடித்தேன். இலை நனைந்ததோ தெரியாது, கார்ப்பெற்றும் சாமிப்படமும் நனைந்தன. துரை கூட்டின் மூலைக்குப் போய்விட்டார்.

கடைக்குத் திரும்பவும் ஃபோன் அடித்து, இதற்குக் கண் தெரியாதோ என்று கேட்டேன். அந்தப் பெட்டை சொன்னது: “கண் ரெண்டும் நல்லாத் தெரியும் அன்ரி. நீங்க போத்தலோட ஓடி வாறதும் தெரியும்.”

வெள்ளிக்கிழமை

துரையின் சாப்பாடு கிரிக்கெட் என்கிற சில்வண்டு. உயிரோடு, பெட்டியில் வரும். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை முட்டைகூட உடைக்கமாட்டோம். சாமிப்படத்துக்குப் பக்கத்தில் ஒருவர் துடிக்கத் துடிக்கப் பூச்சி சாப்பிடுவதை நான் எப்படி விடுவேன்? வியாழன் பின்னேரமே பூச்சியை எல்லாம் எடுத்துவிட்டு, பப்பாசிப்பழத்தைச் சின்னச் சின்னதாக வெட்டி வைத்தேன். அவர், அதாவது என் கணவர், வாசலில் நின்று பார்த்தார். “கொன்வென்ற்றில படிச்சனீர். உங்கட சிஸ்டர்மார் என்ன செய்தவை வெள்ளிக்கிழமையில?”

“மீன் சாப்பிட்டவை” என்றேன். “அது அவையின்ர சைவம். இது எங்கட சைவம்.”

அவர் கூட்டைக் குனிந்து பார்த்தார். வந்ததிலிருந்து ஒன்பது நாள், ஒரு பூச்சியும் குறையவில்லை. வால் கம்பி போல் மெலிந்திருந்தது. “அப்ப சனிக்கிழமை வரைக்கும் உவர் உயிரோட இருந்தாச் சரி.”

கதிரை

சனிக்கிழமை விடிந்ததும் பூச்சியைத் திரும்ப விட்டு, முன்னால் கதிரையைப் போட்டு இருந்தேன். எங்கள் கொன்வென்ற் விடுதியில் சிஸ்டர் அப்படித்தான் செய்வார். தட்டு வெறுமையாகும் மட்டும் நாங்கள் இருக்கும் வாங்குக்குப் பின்னால் அசையாமல் நிற்பார். பாகற்காய்கூட இறங்கும். துரைக்கு இறங்கவில்லை. ஒரு கண்ணால் என்னைப் பார்த்தார், மறு கண்ணால் கூரையைப் பார்த்தார். ஒரே நேரத்தில் இரண்டு பக்கம் பார்ப்பவரிடம் எந்தக் கண்ணைப் பார்த்துக் கெஞ்சுவது?

திங்கட்கிழமை மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். வெள்ளைக்காரப் பெண். நோய் ஒன்றும் இல்லை, பட்டினிதான் என்றார். எங்கே வைத்திருக்கிறீர்கள், யார் பார்க்கிறார்கள் என்று கேட்டார். நடு ஹோலில், எல்லாரும், நாள் முழுக்க என்றேன் பெருமையாக. அவர் பேனையைக் கீழே வைத்தார். தன்னைத் தின்ன வந்த பெரிய மிருகம் முன்னால் குந்தியிருக்கிறது என்றுதான் இந்தக் குட்டி நினைக்கும், ஆள் இல்லாத அறையில் அடர்ந்த இலைக்குள் விட்டுவிட்டுக் கதவைச் சாத்துங்கள், இந்தக் கிழமைக்குள் சாப்பிடாவிட்டால் கஷ்டம் என்றார். அந்தப் பெரிய மிருகம் நான்தான்.

காரில் வரும்போது துரையை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். சிவப்பு லைற்றில் நின்றபோது என் கணவர் மெதுவாகச் சொன்னார்: “எனக்கும் கலியாணம் முடிச்ச புதுசில அப்பிடித்தான் இருந்தது.”

கறிவேப்பிலை

ஜனவரிக் குளிரில் அடர்ந்த இலைக்கு எங்கே போவது? இந்த வீட்டில் பச்சையாக இருப்பது என் கறிவேப்பிலை ஒன்றுதான். சாடியில் நட்டு, ஆறு குளிர்காலம் ஜன்னலோரத்தில் வைத்துக் காப்பாற்றியது. மச்சாளுக்கே இரண்டு நெட்டுக்கு மேல் முறித்துக் கொடுத்ததில்லை. அதை இலை இலையாகக் கழுவி, கூட்டையும் அதன் சூட்டு விளக்கையும் மேலே ஆரபியின் அறைக்கு ஏற்றி, சாடியை உள்ளே இறக்கினேன். துரை ஏறி மறைந்தார். பத்துப் பூச்சி விட்டேன். கதவைச் சாத்தினேன். காலையில் மட்டும் கண்ணை மூடாத குறையாகப் போய் இலைக்குத் தண்ணீர் அடித்துவிட்டு ஓடிவந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமையும் வந்தது. பூச்சியை எடுக்கலாமென்றால் கூட்டுக்குள் கை விடக்கூடாது. தண்ணீர் அடிக்கப் போனபோது ஓரக்கண்ணால் பார்த்தேன். ஒரு கறிவேப்பிலையின் ஓரம் பிறை போலக் கடிபட்டிருந்தது. பூச்சியில் ஆறு மிச்சம். ஆனால் சலவைக்கூடைக்குள் ஒன்றை நான் பிடித்திருந்தேன். மற்ற மூன்றும் வயிற்றிலா, வீட்டிலா? சாடிக்குக் கீழே எச்சம் கண்டபோதுதான் மூச்சு வந்தது. எச்சத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்ட ஒரே மனுஷி நானாகத்தான் இருப்பேன்.

சாப்பிட்டது இலைக்காகவா, சைவத்துக்காகவா, நான் வெளியே போனதற்காகவா? எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆரபியிடம் கேட்டேன். அவள் சிரித்தாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள்: “நீங்க பாத்துக்கொண்டிருந்தா எனக்கும் இறங்காதம்மா.”

பெப்ரவரி லீவு

நேற்று வந்து சேர்ந்தாள். மெலிந்திருந்தாள். ஏனென்று நான் கேட்கவில்லை. புட்டும் இறால் பொரியலும் கத்தரிக்காய்க் குழம்பும் தட்டில் போட்டுக் கொடுத்தேன். துரையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறேன் என்று மேலே கொண்டுபோனாள். கதவு சாத்தப்பட்டது.

சாப்பாடு கொடுப்பது என் உத்தியோகம் என்றால், சாப்பிடுவதைப் பார்க்காமல் படியில் நிற்பது அதன் ஓவர்டைம். ஒருதரம் தட்டிக் கேட்டேன். கொஞ்சம் பொறுத்து இன்னொருதரம் கேட்டேன். மூன்றாம் தரம் குரலை நன்றாகத் தணித்து, கதவோடு வாயை வைத்துக் கேட்டேன்: “நான் உள்ளுக்கு வரேல்லை. ரெண்டு பேரும் சாப்பிட்டாச்சோ எண்டு மட்டும் ஒருக்காச் சொல்லுங்கோவன்.”