பிள்ளைமடுவத்துக் கொடி

கொடி என்றால் சிவப்பு என்றுதான் நான் நம்பினேன். அந்தோனி என்றால் ஹட்டனிலிருந்து வருகிற தொழிற்சங்கத் தலைவர் என்றும் நம்பினேன். இரண்டையும் ஒரே வாரத்தில், மீசை முளைத்து உத்தியோகம் பார்க்கிற வயதில் நம்பினேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி வழியில் நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட இது எனக்குக் கொஞ்சம் மரியாதை.

போன மாதம் மாத்தளை டவுனில் த்ரீவீலர் ஒன்றில் ஏறினேன். வண்டிக்காரப் பையன், "அந்த ரோட்டால போக முடியாதுங்க, கொடியேத்துறாங்க" என்றான். உடனே வண்டிக்குள் தலையை இழுத்துக்கொண்டேன். ஐம்பது தாண்டிய தலை. என் பிள்ளைகளின் பிறந்தநாளை நான் மறந்தாலும் இந்தத் தலை பழைய பயம் ஒன்றையும் மறப்பதில்லை. சந்தியில் எட்டிப் பார்த்தால் மாதா கோயில் திருவிழா. காகிதத் தோரணம், பட்டாசு, வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள். பக்கத்துக் கடை வாசலில் ஏலக்காய் மூட்டையைப் பிரித்துக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஏலக்காய் வாசனை மற்றவர்களுக்குப் பாயாசத்தை நினைவூட்டும். எனக்குத் திரேசம்மாவை.

அறுபதுகளின் கடைசி. இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டனுக்கு ஏறும் வழியில் ஒரு தோட்டத்தில் நான் சின்னக் கிளாக்கர். தேயிலையும் ஏலமும் கலந்த தோட்டம். வெள்ளைக்காரர்கள் போய், அவர்களுடைய தொப்பியும் அரைக் காற்சட்டையும் மட்டும் மிஞ்சியிருந்த காலம். எங்கள் துரை அந்த இரண்டுக்குள்ளும் புகுந்துகொண்ட கொழும்புக்காரர். நான் அவருக்குப் பயந்தவன். துரைக்கு, பெரிய கிளாக்கருக்கு, கங்காணிக்கு, அட்டைக்கு, துரையின் நாய்க்கு, எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் பயப்படுகிற சமத்துவம் என்னிடம் இருந்தது.

கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடத்துக்குப் பிள்ளைமடுவம் என்று பெயர். தகரக் கூரை போட்ட ஒரே நீள அறை. உத்தரத்திலிருந்து வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். ஈரத் துணி, பால்மா, புகை, மூன்றும் சேர்ந்த ஒரு வாசனை. அதற்கு நடுவில் ஆயா திரேசம்மா, இரண்டு கையாலும் இரண்டு தொட்டிலையும் காலால் மூன்றாவதையும் ஆட்டிக்கொண்டு செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார். தோட்டத்தில் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஐந்தாறுதான். ஆனால் எல்லா வீட்டுப் பிள்ளையும் அந்தச் செபமாலைக்குத்தான் தூங்கியது. எங்கள் அம்மன் கோயில் பூசாரியின் பேரன் செபமாலையின் நாலாம் பத்து வராமல் கண்ணை மூடமாட்டான். பூசாரி அதைப் பெருமையாகவே சொல்லித் திரிந்தார்.

திரேசம்மா இளம் வயதிலேயே புருஷனை இழந்தவர். இரண்டு ஆண்பிள்ளைகளைக் கொழுந்துக்கூடையோடு வளர்த்தவர். அவர்களுக்கு முன் ஒரு பெண் பிறந்திருந்தது. மடுவம் கட்டுவதற்கு முந்திய காலம் அது. மலையில் மரக்கிளையில் தொட்டில் கட்டிப் போட்டுவிட்டுத்தான் கொழுந்து நிரை பிடிக்கவேண்டும். ஒரு நாள் மழை திடீரென்று இறங்கி, கங்காணி விடாமல், இவர் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் பிள்ளை நனைந்து விறைத்திருந்தது. சளி கட்டி ஒரு வாரத்தில் போய்விட்டது. இதை அவர் எனக்குச் சொன்னபோது அழவில்லை, தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டே சொன்னார். நான்தான் அழுது, மூக்கைச் சிந்தி, அந்தச் சத்தத்தில் இரண்டு பிள்ளைகளை எழுப்பிவிட்டேன். அதற்கு வாங்கிய ஏச்சு தனி.

அந்த வருடம் ஏலத்துக்கு நல்ல விலை. காயவைத்த ஏலத்தைக் கட்டிவைக்க இடம் போதவில்லை. துரையின் கண் மடுவத்தில் விழுந்தது. திங்கட்கிழமை காலையில் மடுவத்தைக் காலிபண்ணிப் பூட்டவேண்டும், பிள்ளைகளைத் தாய்மார் முன்போல மலைக்கே கொண்டு போகட்டும் என்று உத்தரவு. பூட்டை என் கையில் கொடுத்தார்கள். தேங்காய்ப் பாதி அளவுள்ள இரும்புப் பூட்டு. காற்சட்டைப் பையில் போட்டால் காற்சட்டையே இறங்கும்.

சனிக்கிழமை நான் தேத்தண்ணீருக்காக மடுவத்துப் பின்பக்கம் போனேன். உள்ளே பெண்கள் கூட்டம். திரேசம்மாவின் குரல் கேட்டது.

"திங்கக்கெழம விடிய கொடியேத்துறோம். துரையே வந்தாலும் எறக்கப்படாது. மத்ததை அந்தோனியாரு பாத்துக்குவாரு."

டவுன் அம்மன் கோயிலில் வருடம் தவறாமல் கொடியேற்றம் பார்த்து வளர்ந்தவன்தான் நான். ஆனால் தோட்டத்து ஆபீசில் மூன்று மாதம் உட்கார்ந்தால் அந்தச் சொல் வேறாகிவிடும். சங்கத்துச் சிவப்புக் கொடி ஏறினால் வேலைநிறுத்தம். பக்கத்துத் தோட்டத்தில் கொடி ஏறியபோது கிளாக்கர் வீட்டுக் கூரையில் விழுந்த கற்களைப் பற்றி எங்கள் பெரிய கிளாக்கர் இரவுச் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்வதுபோல் தினமும் சொல்வார். நான் தேத்தண்ணீர் குடிக்காமலே திரும்பினேன். போகும் வழியில் என் கூரையைப் பார்த்தேன். பழைய தகரம்.

ஞாயிற்றுக்கிழமை ரொட்டி, மெழுகுதிரி, டின் மீன் எல்லாம் வாங்கிச் சேர்த்துக்கொள்ள நானா கடைக்குப் போனேன். முற்றுகையைத் தாங்குவதற்கு. நானா டின்களைக் கட்டிக்கொண்டே, "நாளைக்கு நீங்களும் வாறீங்கதானே தம்பி? அந்தோனியார நான்தான் டவுன்ல இருந்து நம்ம வேன்ல கூட்டிட்டு வாறேன், இன்ஷா அல்லாஹ்" என்றார்.

நானாவுமா. மிளகாய் மூட்டையில் உட்கார்ந்துவிட்டேன். மெதுவாக, அந்தோனியார் பெரிய ஆளா என்று கேட்டேன். "பின்ன? மலைக்காட்டுல அவருக்குப் பயப்படாத ஆள் இருக்கா? தோள்லதான் தூக்கிட்டுப் போவாங்க" என்றார். தலைவர்களைத் தோளில் தூக்குவதை நான் பேப்பரில் பார்த்திருக்கிறேன். சந்தேகம் தீர்ந்தது. திரும்பும் வழியில் பூசாரி, தப்புக்காரரைத் தான் அனுப்பிவைப்பதாகச் சொன்னார். இனிப் பாக்கி துரையின் நாய் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போய்ப் பெட்டியைக் கட்டினேன். அப்புறம், ஓடுகிறவன் என்று பார்ப்பார்களே என்று அவிழ்த்தேன். மறுபடி கட்டினேன். கடைசியில் என் ஒரே நல்ல சட்டையை வெளியே வைத்தே பெட்டியைப் பூட்டியிருந்தேன்.

திங்கள் விடியற்காலை ஒரே மூடுபனி. காற்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பூட்டோடு மடுவத்துக்கு இறங்கினேன். தப்புச் சத்தம் கேட்டது. நானாவின் வேன் நின்றது. பின்கதவைத் திறந்து தலைவரை இறக்கினார்கள். தலைவர் ஒரு முழ உயரம் இருந்தார். உடையாமலிருக்க நானா அவரைப் புதுச் சாரத்தில் சுற்றியிருந்தார். சாரத்தை விலக்கியபோது, கையில் குழந்தையேசுவும் லீலிப்பூவுமாக, புது வர்ணத்தில் பளபளத்துக்கொண்டு, புனித அந்தோனியார் என்னைப் பார்த்தார். திரேசம்மா வீட்டுச் சுரூபம், வர்ணம் பூசுவதற்காக டவுனுக்குப் போயிருந்தது.

மடுவத்து வாசலில் உரித்த கமுகமரம் நட்டிருந்தது. கொடி வெள்ளை. திரேசம்மா தன் கலியாணச் சேலையைக் கிழித்துத் தைத்திருந்தார். டவுனிலிருந்து பங்குச் சாமியார் வரவில்லை. தோட்டத்தில் அனுமதி வாங்காமல் வரமுடியாது என்று சொல்லிவிட்டாராம். "சாமி வராட்டி போறாரு. அந்தோனியாரு பர்மிசன் கேக்காம வந்துட்டாருல்ல" என்று சொல்லிக்கொண்டே கயிற்றை அவரே இழுத்தார். கொடி ஏறியது. சுரூபத்தை உள்ளே, தொட்டில்களுக்கு நடுவில் வைத்தார்கள். அப்புறம் பெண்களைப் பார்த்து, எல்லாரும் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுங்கள், கொழுந்து குறைந்தால் துரைக்குப் பேச வாய் கிடைத்துவிடும் என்றார். ஒருத்தி பாக்கியில்லாமல் வேலைக்குப் போனார்கள். நான் பயந்த வேலைநிறுத்தம் இவ்வளவுதான்.

மிஞ்சியது நானும் பூட்டும். திரேசம்மா என் கையைப் பார்த்தார்.

"பூட்டுங்க சின்னையா. அவரை உள்ள வச்சுப் பூட்ட மனசிருந்தா பூட்டுங்க."

எனக்கு மனசு வரவில்லை. அதற்குள் ஜீப் வந்துவிட்டது. துரை இறங்கி, கொடியை அண்ணாந்து பார்த்தார். அவருக்கும் முதலில் என்னைப் போலவே சிவப்பு என்றுதான் தோன்றியிருக்கவேண்டும். நிறத்தைப் பார்த்ததும் கொஞ்சம் தெளிந்தார்.

"என்னா இது? யாரைக் கேட்டுச் செஞ்சது?"

"பெருநாள் துரை. கொடியேறுன எடத்தை எறக்குற வரைக்கும் யாரும் தொடக்கூடாது."

"எப்ப எறக்கும்?"

"நவநாள் முடியணும் துரை. ஒம்பது நாள்."

ஒன்பது நாள்தானே என்று துரை தாராளமாகச் சிரித்தார். பத்தாம் நாள் வந்தபோது, இன்னொரு நவநாள் நேர்ந்திருப்பதாகச் சொன்னார் திரேசம்மா. அது முடிந்ததும் இன்னொன்று. துரைக்குக் கோபம் வந்து, கொடியை இறக்கச் சொல்லிக் காவல்காரரை அனுப்பினார். அவருக்குத் திடீரென்று கழுத்து பிடித்துக்கொண்டது. கங்காணி, தன் மனைவி மாசமாக இருப்பதால் கொடியைத் தொடக்கூடாது என்றார். அந்தம்மாவுக்கு ஐம்பது வயது. பிறகு துரை என்னைப் போகச் சொன்னார். எனக்குக் காய்ச்சல் வந்தது. பொய்க்காய்ச்சல் என்று நினைத்துப் படுத்தேன். நூற்றிரண்டு காட்டியது.

கடைசியில் துரையே வந்து கயிற்றில் கை வைத்தார். திரேசம்மா தொட்டிலை விட்டு எழும்பி வாசலில் நின்றார்.

"மலையில தொட்டில கட்டி ஒண்ணைக் குடுத்துட்டேன் துரை. இன்னொருத்தி குடுக்க மாட்டா. இந்தப் புள்ளைங்க நனையணும்னா மொதல்ல இந்தக் கொடிய எறக்குங்க, நாங்க பாத்துட்டு நிக்கிறோம்."

குரலை உயர்த்தவில்லை. உள்ளே ஒரு பிள்ளை மட்டும் சிணுங்கியது. துரை கையை எடுத்து, காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, ஜீப்பில் ஏறினார். ஏலத்துக்குத் தேயிலைக் கொட்டகையில் ஒரு தடுப்பு அடித்தார்கள். அந்த யோசனை தன்னுடையது என்று துரை கடைசிவரை சொன்னார். நாங்களும் ஆமாம் என்றோம்.

ஒவ்வொரு மழைக்கும் கொடி நைந்துபோகும். கயிற்றை இறக்காமலே, ஏணி வைத்து ஏறிப் புதுத் துணியைக் கட்டுவார் திரேசம்மா. இறக்கினால் பெருநாள் முடிந்துவிடுமே.

பிறகு காலம் மாறியது. தோட்டத்தை அரசாங்கம் எடுத்தது. இந்தியாவுக்குப் போகப் பாஸ்போர்ட் வந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக லயத்து வீட்டைக் காலிசெய்து, பெட்டி சட்டியோடு தலைமன்னாருக்கு ரயிலேறின. தொட்டில்கள் குறைந்தன. திரேசம்மாவின் மகன்கள் இருவரும் அம்மாவையும் கூட்டிப்போக ஒற்றைக்காலில் நின்றார்கள்.

"இங்க ஒண்ணப் பொதச்சிருக்கேன். அதையும் கூட்டிட்டுப் போக வழி சொல்லு, வர்றேன்" என்றார்.

மகன்கள் மட்டும் ரயிலேறினார்கள். அவர் போகவில்லை. இரத்தோட்டையிலேயே அடக்கமானார்.

இப்போது அந்த மலை முழுக்கப் பைனஸ் மரம். லயம் இல்லை, பெரட்டுக்களம் இல்லை, மடுவத்தின் தகரத்தை யாரோ எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பூட்டு மட்டும் என் வீட்டில் இருக்கிறது. த்ரீவீலரிலிருந்து இறங்கி வந்த அன்றைக்கு எடுத்துப் பார்த்தேன். ஒரு தடவையும் பூட்டாததால் சாவி இன்னும் நன்றாகத்தான் சுற்றுகிறது.

வேலைநிறுத்தம் நடக்கவில்லை. என் கூரையில் கல் விழவில்லை. மடுவத்துக் கடைசிப் பிள்ளை தாயின் இடுப்பில் ரயிலேறிப் போன பிறகுதான் திரேசம்மா கொடியை இறக்கினார்.