தண்டின் கறுப்புத் தோல்

இன்று மலேசியாவின் அசாம் ஜாவா ஊரில் எனக்கு இரண்டு பட்டறைகள். படித்தது மூன்றாம் வகுப்பு. மெஷின் விஷயத்தில் என்னை மிஞ்ச ஒருவனும் வரவில்லை. சன்னாசி என்ற ஒருவன் மட்டும் மிஞ்சினான்.

சன்னாசி சேலம் பக்கத்திலிருந்து பதினாறு வயதில் மலாயாவுக்குக் கப்பலேறி வந்தவன். 1951-இல் ஈஜோக் அருகே ஒரு ரப்பர் தோட்டத்து ஆலையில் நான் இஞ்சின் ஓட்டினேன். ரப்பர் ஷீட் அழுத்தும் உருளைகள் அவன் பொறுப்பு. எண்ணெய் சொட்டினால் ஷீட் கெட்டுவிடும். அதனால் உருளைத் தண்டில் கிராபைட் பொடி தேய்ப்பான். பென்சிலுக்குள் இருக்கும் கரிதான் அது. முதலில் சாம்பலாக நறநறக்கும். பத்து நாள் மெதுவாக ஓட்டினால், தாறுமாறாகக் கிடந்த துகள்கள் உராய்ந்து உராய்ந்து, வெற்றிலை அடுக்கியதுபோல் படுத்துவிடும். தண்டு கறுப்புக் கண்ணாடியாகும்.

"இது மெஷினுக்குத் தோலுப்பா. தொட்டுறாத" என்பான்.

இஞ்சின் டிரைவர் நான், உருளைக்காரன் பேச்சைக் கேட்பேனா?

ஆயுத பூசைக்கு முதல் நாள் அவன் காய்ச்சலில் படுத்துவிட்டான். மெஷின் கழுவ அவன் மனைவி சின்னத்தாய் வந்தாள், ஆறு மாத வயிற்றோடு.

"என்னண்ணே, எங்க வீட்டுக்காரரு இம்புட்டுக் கறுப்பா வச்சிருக்காரு? சாமி சிரிக்காதா?"

"அழுக்குதான்லா. புளி போட்டுத் தேய்ம்மா, பொட்டு வைக்கணும்ல."

தேய்த்தாள். தண்டு வெள்ளையாக மின்னியது. சந்தனம் வைத்துக் கும்பிட்டோம்.

பூசை முடிந்து ஓட்டிய அரை மணியில் இரும்போடு இரும்பு கடித்து, தண்டு இறுகி, உருளை பிளந்தது.

கம்யூனிஸ்டுகள் தோட்ட மெஷின்களை உடைத்துக்கொண்டிருந்த காலம். போலீஸ் வந்தது. வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் கேட்டதைத் தோட்டத்துக் கணக்கர் கிராணி தமிழில் சொன்னார்.

"அந்தக் கறுப்பு இல்லாட்டி உடையும்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுங்க" என்றான் சன்னாசி.

"தேய்ச்சு எடுத்தது யாரு?"

அவன் தன் மனைவியின் வயிற்றைப் பார்த்தான். "நான்தாங்க."

புலி எதிரே வந்தாலும் நிற்பேன் என்று தொழிலாளர் லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

போலீஸ் லோரியில் ஏறும்போது அவன் என் பக்கம் குனிந்தான். "புது உருளை வந்தா பத்து நாளு மெதுவா ஓட்டு. தோலு புடிக்கட்டும்."

எட்டு மாதம் அடைத்துவைத்து, ஊருக்கே கப்பலேற்றிவிட்டார்கள். அங்கே அவனுக்கு யாரும் இல்லை. சின்னத்தாய்க்கு ஒரு கடிதம் வந்தது, பிறகு வரவில்லை.

பல வருடம் கழித்து புக்கிட் பெலிம்பிங் கடைத்தெருவில் சின்னத்தாய் என்னை நிறுத்தினாள்.

"தேய்க்கச் சொன்னது நீங்கதானேண்ணே? இல்ல, நானாத்தான் தேய்ச்சேனா? எனக்கே இப்பக் கொழம்புது."

பட்டறையில் வேலை கிடக்கிறது என்று சொல்லி சைக்கிளை மிதித்தேன்.