ஏழு நீதிபதிகளும் அவர்களுடைய ஊர்களும்

யாழ்ப்பாணத்தில், கோடு என்று நாங்கள் சொல்லும் நீதிமன்றத்தின் வாசலில், சாட்சிகளின் பெயரை மூன்று தரம் கூப்பிடுவார்கள். கடைசி எழுத்தை இழுக்கும் அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. மொழிபெயர்ப்புத் தொழிலில் சொற்களைவிட அடுத்தவர் பயத்தைத்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது. பாரிஸின் லா ஷப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் எனக்கு ஒரு மேசை. பிரெஞ்சில் கடிதம் வந்தாலே அதைப் பிரிக்காமல் தூக்கிவரும் எங்கள் ஆட்கள்தான் எதிர்க் கதிரையில் இருப்பவர்கள்.

குகனின் பட்டியல்

குகன் உணவகமொன்றில் கோப்பை கழுவினார். மனைவியும் மகளும் அவரோடு பாரிஸ் புறநகரான பியர்ஃபித்தில் இருந்தார்கள். அகதி மனு எல்லாப் படியிலும் தள்ளுபடியாகி, இலங்கைக்குத் திருப்பி அனுப்பும் கட்டளை வந்துவிட்டது. மிஞ்சியிருந்தது ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமைக் கோடு. வழக்கைப் பார்க்கப்போகும் ஏழு நீதிபதிகளும் எந்தெந்த நாட்டுக்காரர் என்று வழக்கறிஞர் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை நான் வாசிக்க வாசிக்க, குகன் கொப்பி ஒற்றையில் நாடுகளை எழுதிச் சரி போட்டார்.

"நோர்வே நல்லது, அன்ரி. எங்கடை பிரச்சினையிலை நடுவிலை நிண்ட ஆக்கள். மற்றச் சின்ன நாட்டுக்காரருக்கு நாங்கள் ஆரெண்டே தெரியாது, அவையை விடுங்கோ."

கட்டாய இருக்கை

எந்த நாட்டின் மேல் வழக்கோ, அந்த நாட்டு நீதிபதியும் எழுவரில் ஒருவராக இருக்க வேண்டும் என்பது விதி. இந்த வழக்கில் அது ஒரு பிரெஞ்சுப் பெண். அதைச் சொன்னதும் குகன் பேனையை மூடினார். உள்ளூர்ச் சட்டம் தெரிந்த ஒருவர் வேண்டுமென்றுதான் அப்படி, நாட்டுக்காகப் பேச அல்ல என்று வழக்கறிஞரின் விளக்கத்தைச் சொன்னேன். சொல்லும்போது எனக்கே பாதி நம்பிக்கைதான்.

"என்னைத் துரத்திற ரீமிலையிருந்தே அம்பயரும் வந்தா, அன்ரி, மட்ச் எதுக்கு?"

தனியாக ஒரு பக்கம்

தீர்ப்பு வர வருடங்கள் சென்றன. அதுவரை அவரை அனுப்பக் கூடாதென்று கோடு இடைக்காலத் தடை போட்டிருந்தது. கடைசியில் ஐந்துக்கு இரண்டு: திருப்பி அனுப்பக் கூடாது. மறுத்த இருவரில் ஒருவர் நோர்வேக்காரர். பிரெஞ்சு நீதிபதி ஐவரோடு நின்றதுமல்லாமல், தனியாக ஒரு பக்கமும் எழுதியிருந்தார். தன் நாட்டுக் கோப்புகளில் 'நம்பத்தக்கதாக இல்லை' என்ற வரி எவ்வளவு சுலபமாக விழும் என்று தனக்குத் தெரியுமாம். அதனால்தான் ஊரில் பட்ட காயங்களுக்குக் குகன் கொடுத்திருந்த மருத்துவச் சான்றிதழைத் திரும்பவும் எடுத்து வாசித்தாராம். அந்த இடத்தைக் குகன் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்.

"இந்த மனுசி அந்த வீட்டுக்காரி, அன்ரி. அதுதான் கூரை எங்கை ஒழுகுதெண்டு கண்டிருக்கிறா."

நீதிபதியின் ஊரைக் கேட்டு ஆரூடம் பார்க்கும் பழக்கம் எங்கள் தெருவில் இன்னும் போகவில்லை. குகன் இப்போது பத்து வருட விசாவோடு லெ பிளாங்-மெனிலில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறார்.